கீறல் படாமல் கழற்றிய ஓஸ்

வேல்குமாருக்கு உலகத்தில் மிகவும் பிடித்த பொருள் எது என்று கேட்டால் அவர் மனைவி கிருத்திகா யோசிக்காமல் சொல்வாள், சிவப்பு அம்பு ஸ்டிக்கர் என்று. சுண்டுவிரல் நகமளவு காகிதம் அது. பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேஜைக்கு வரும் பீஸில் ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி இதை ஒட்டிவிடுவார்கள். குறையைச் சரிசெய்யும்வரை அந்த ஸ்டிக்கரை யாரும் எடுக்கக் கூடாது. திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தரம் பார்க்கும் கியூ.சி.யாக இருக்கும் வேல்குமார், இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

தோசை ஓரம் கருகியிருந்தால் தட்டின் விளிம்பில் ஓர் அம்பு. கேட்டில் பெயின்ட் உரிந்த இடத்தில் ஓர் அம்பு. மகள் தேஜஸ்ரீயின் நோட்டில், டீச்சரே 'குட்' போட்ட பக்கத்தில், கோடு கோணலாகப் போன இடத்தில் ஓர் அம்பு. மைத்துனரின் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் காலரில்கூட ஒன்று ஒட்டியிருந்தார். காலர் நிஜமாகவே கோணல்தான் என்பதால் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவரோடு வாழ்வதில் இருந்த பெரிய கஷ்டமே அதுதான். மனுஷன் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும்.

ஆனால் மகளின் வாலிபால் ஆட்டத்தில் மட்டும் அவர் இதுவரை ஒரு குறையும் கண்டுபிடித்ததில்லை. ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் ஆடுகிறாள். ஒவ்வொரு மேட்சுக்கும் அவருக்கு ஒரு ஷிப்மென்ட் வந்து வாய்த்தது. இப்போது பிளஸ் டூ. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தாராபுரத்தில் மாவட்ட ஃபைனல். அதோடு ஸ்கூல் டீம் ஜெர்சியைக் கழற்றிவிடப் போகிறாள். "இதுக்காச்சும் வந்து உக்காந்து பாருங்கப்பா" என்று அவள் கேட்டபோது, நம்ம காரிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வேல்குமார் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுப்பதில் அவருக்கு இணை அவர்தான்.

கார் என்றால் பழைய கார். அதன் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஓஸ், அதுதான் சுடுதண்ணீர் ஓடும் அந்த ரப்பர் குழாய், ஒரு மாதமாக உப்பிப்போய்க் கசிந்துகொண்டிருந்தது. அவிநாசிபாளையத்தில் ரோட்டோரம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பாரூக்கிடம் விட்டிருந்தால் அரை மணி நேர வேலை. விட முடியாது. போன தடவை சர்வீஸ் முடித்துக் கொடுத்த காரில் வேல்குமார் பதினான்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, பாரூக்கைக் கைபிடித்து அழைத்துச் சுற்றிக் காட்டியிருந்தார். பாரூக் கோபப்படவே இல்லை. உங்களுக்குத் தகுந்த மாதிரி எனக்கு வேலை தெரியாதுங்க என்று சாவியைக் கையில் வைத்துவிட்டார்.

அதனால் சனிக்கிழமை மத்தியானம் புது ஓஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வேல்குமாரே களத்தில் இறங்கினார். கிளிப்பைத் தளர்த்தியது வரை சுகம். அதற்குமேல் ஓஸ் அசையவில்லை. பத்து வருஷச் சூட்டில் அந்த ரப்பர் ரேடியேட்டரின் முனையோடு ஒட்டி உறவாடிக் கிடந்தது. இழுத்தார். காலை பம்பரில் முட்டுக்கொடுத்து இழுத்தார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு இழுத்தார். முனை பிளாஸ்டிக், உடைந்துவிடப் போகிறது என்று கிருத்திகா ஜன்னலிலிருந்து சொன்னாள். பிறகு, பழசைத் தூக்கிப் போடத்தானே போகிறோம், கத்தியால் அறுத்துவிட்டால் என்ன என்றும் கேட்டாள்.

வேல்குமார் அவளைப் பார்த்த பார்வையில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் இருந்தது. பீஸில் கத்திரி படக் கூடாது. டேமேஜ் பண்ணிக் கழற்றுவதற்குக் கியூ.சி. எதற்கு? குப்பைக்குப் போகவேண்டிய ஒரு ரப்பர் குழாயை ஒரு கீறல் படாமல் காப்பாற்றுவதற்காக அவர் மூன்றரை மணி நேரம் போராடினார்.

கடைசியில் வழி கிடைத்தது. நிட்டிங் மெஷினில் ஊசிக்கு விடும் எண்ணெய் ஒரு பாட்டில் வீட்டில் இருந்தது. துணியில் பட்டாலும் கழுவினால் கறையே தெரியாமல் போய்விடும் எண்ணெய். கம்பெனியில் அதற்கு அப்படி ஒரு நல்ல பெயர். பழைய பற்பசை ட்யூபை நறுக்கி, அந்த மெல்லிய தகட்டை ரப்பருக்கும் முனைக்கும் நடுவே செருகி, எண்ணெயை விட்டு ஊறப் போட்டார். அரை மணியில் ஓஸ் வழுக்கிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் புது ஓஸை மாட்டவும் அதே எண்ணெயைத் தாராளமாகத் தடவினார். விரலால் தள்ளியதும் அழகாக ஏறி உட்கார்ந்தது. கிளிப்பை அளவோடுதான் முடுக்கினார். புது ரப்பரில் தழும்பு விழுந்துவிடக் கூடாது பாருங்கள்.

கழற்றிய பழைய ஓஸைக் கழுவித் துடைத்துக் கிருத்திகாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஒரு கீறல் இல்லை. அவள் அதை வாங்கி, குப்பைக்கூடையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். தேஜஸ்ரீ ஜெர்சியோடு பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அப்பா வருகிறார் என்ற நம்பிக்கை முகத்தில் அப்படியே தெரிந்தது. அவிநாசிபாளையத்தைத் தொடும்போது பானெட்டுக்குள் டப்பென்று ஒரு சத்தம். அடுத்த நொடி கண்ணாடி முழுக்க ஆவி. இன்ஜின் சூடேறியதும் எண்ணெய் தடவிய ஓஸ் நேற்று வந்தது போலவே இன்றும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. தண்ணீர் மொத்தமும் ரோட்டில். நூறடி தள்ளி, ஷெட் வாசலில் டீ கிளாஸோடு பாரூக் நின்றுகொண்டிருந்தார்.

அவரே வந்து பானெட்டைத் தூக்கினார். முனையில் விரலை வைத்துத் தேய்த்து, மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது மெஷின் ஊசி எண்ணெய்ங்களா?"

ஆமாம் என்று வேல்குமார் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். பழைய ஓஸை அறுக்காமல் கழற்றிய கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. பாரூக் சிரிக்காமல் இருக்க நிரம்பச் சிரமப்பட்டார்.

"வீசற ஓஸை எதுக்குங்க அத்தன பத்தரமா கழட்டுனீங்க? நீளவாக்குல ஒரு கீறல் போட்டா பழத்தோலாட்ட உரிஞ்சு வந்துருமுங்க. வேணுமுன்னா சுடுதண்ணி ஊத்தி, இழுக்காம திருகோணும். எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாதுங்க."

தாராபுரம் பஸ் தூரத்தில் வந்தது. கிருத்திகா பையை எடுத்துக்கொண்டாள். தேஜஸ்ரீ அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்களும் வாங்க. வண்டி இங்கயே இருக்கட்டும்."

நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் முடித்து வைக்கிறேன் என்று பாரூக்கும் சொன்னார். பஸ் நின்றது. ஓர் எட்டு வைத்தால் ஏறிவிடலாம். ஆனால் பாரூக் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. தான் பார்க்காமல் ஒருவர் தன் வண்டியில் வேலை செய்வதா? வேல்குமாரின் கால் நகரவில்லை.

"நீ போ கண்ணு. அரை மணி நேரம். பின்னாலயே வந்தர்றேன்."

அவள் கையை விட்டாள். அம்மாவோடு பஸ்ஸில் ஏறினாள்.

பாரூக் முனையையும் ஓஸின் உட்புறத்தையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தார். வேல்குமார் குனிந்து பார்த்து, இன்னும் பிசுக்கு இருக்கிறது என்றார். பாரூக் மறுபடி துடைத்தார். இல்லை, கீழ்ப்பக்கம் இருக்கிறது என்றார். இப்படியே நாலு தடவை. பிறகு கிளிப் நேராக இல்லை என்றார். அரை மணி ஒன்றே முக்கால் மணி ஆயிற்று. திரும்பி வரும்போது ஒருமுறை நிறுத்துங்கள், தண்ணீர் அளவு பார்த்துவிடலாம் என்று சொல்லி பாரூக் அனுப்பிவைத்தார்.

தாராபுரம் மைதானத்தில் வேல்குமார் நுழைந்தபோது வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தாயிற்று. கடைசிப் பாயிண்ட் தேஜஸ்ரீ அடித்ததாம். அடிப்பதற்கு முன்னால் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள் என்று கிருத்திகா சொன்னாள். அதை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

தேஜஸ்ரீ அழவில்லை, சண்டையும் போடவில்லை. காரில் ஏறி, முன்னால் டேஷ்போர்டில் எப்போதும் கிடக்கும் ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். ஓர் அம்பை உரித்து, அப்பாவின் சட்டைப் பைக்கு மேல், நெஞ்சில், நேராக ஒட்டினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவிநாசிபாளையத்தில் வண்டி நின்றது. பாரூக் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மூடிவிட்டு நிமிர்ந்தவர் வேல்குமாரின் சட்டையைக் கவனித்தார். ஏதோ தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்து, உரித்தெடுக்கக் கையை நீட்டினார்.

வேல்குமார் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார்.

"இருக்கட்டுங்க பாய். இன்னும் சரி பண்ணலீங்க."