வேன் வரும் நேரத்துத் தண்ணீர்

சென்ற வாரம் ராமநாதபுரத்தில் ஒரு விடுதியில் முகம் கழுவக் குழாயைத் திறந்தேன். பிளீச்சிங் பவுடர் வாசம். உங்களுக்கு அந்த வாசம் ஆஸ்பத்திரியை நினைவூட்டலாம். எனக்கு அது எங்கள் ஊர்ப் பெண்களின் கை.

கீழக்கரைக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ஒரு இறால் கம்பெனி இருந்தது. குளோரின் கலந்த ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்க இறால் உரித்த விரல்களிலிருந்து அந்த வாசம் லேசில் போகாது. கல்யாணப் பந்தியில் சோறு வைப்பது கம்பெனிக் கையா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. மாதச் சம்பளத்தின் வாசம் அது.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். சட்டைப் பையில் மூன்று பேனா, எழுதுவது ஒன்றுதான். கம்பெனி மூடியதை நானும் எல்லோரையும் போல டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன். காலை ஆறு மணிக்கு முக்கில் நிற்கும் பெண்களை ஏற்ற வேன் வரவில்லை. கேட்டில் பூட்டு. 'தற்காலிகமாக' என்றது நிர்வாகம். அந்த ஒரு சொல்லுக்காக அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் தினமும் முக்கில் வந்து நின்றார்கள், கையில் தூக்குச்சட்டியுடன். ஏழரைக்குக் கலைவார்கள். யாரும் அழுததாக நினைவில்லை.

பேரூராட்சித் தலைவி மைமூன் லாத்தா; லாத்தா என்றால் அக்கா. கணவர் துபாயில் இருந்தார். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் இவரை நிறுத்தியிருந்தார்கள். அவருடைய தம்பிதான் எல்லாம் பார்ப்பார் என்று ஊர் நினைத்தது. முதல் கூட்டத்தில் லாத்தா அந்தத் தம்பியை எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். பிறகு தம்பி அந்தப் பக்கமே வரவில்லை.

ஊருக்கு வரும் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. பூட்டு விழுந்த பிறகு அந்த வால்வும் மூடியே கிடந்தது. அதைத் தெருக்களுக்குத் திருப்பலாம், நண்டு அவித்துச் சதை எடுக்க ஒரு கொட்டகையும் போடலாம் என்று லாத்தா சொன்னார். லாரித் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்துக் கிடந்த அதே பெண்கள் வேண்டாம் என்று அலுவலகத்துக்கு வந்தார்கள். கம்பெனி திறந்த நாளிலிருந்து அங்கே இறால் உரித்த செல்விதான் பேசினார்.

"தண்ணிய எங்களுக்குத் திருப்பிட்டா, நாளைக்கு அவுக எத நம்பி லாத்தா தொறப்பாக?"

"ஐஸ் மெஷினக் கழட்டி லாரில ஏத்திட்டாக செல்வி. நானே பாத்தேன்."

"ரிப்பேருக்குக் கொண்டு போயிருப்பாக."

மறுவாரம் லாத்தா வால்வைத் தெருக்களுக்குத் திறக்கச் சொன்னார். 'குடிநீர் விநியோக நேரம் மாற்றம்' என்று பத்திரிகைக்கு நாலு வரி அனுப்பினேன். காலை ஆறு முதல் ஏழரை வரை. ஏன் அந்த நேரம் என்று அவரிடம் கேட்டேன்.

"எட்டு மணிக்கு விட்டா அங்கனயும் நிப்பாக, இங்கனயும் வருவாக. ரெண்டுல ஒண்ணுதான் தம்பி."

முதல் சில நாள் பிடிக்க ஆளில்லாமல் தண்ணீர் தெருவில் ஓடியது. ஆடுகள் குடித்தன. பிறகு முக்கில் ஆள் குறையத் தொடங்கியது. கடைசியில் செல்வி மட்டும் தூக்குச்சட்டியுடன் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண் தினமும் அவருக்கும் சேர்த்து வரிசையில் ஒரு குடம் வைப்பார்; முறை வரும்போது ஆளில்லாத குடத்தை ஓரமாக நகர்த்துவார்கள். ஒரு நாள் அந்தக் குடத்துக்குப் பின்னால் செல்வி நின்றார். லாத்தாவும் குழாயடியில் இருந்தார். செல்வி குடத்தை நிரப்பினார். ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார்.

"கம்பெனி வாசம் அடிக்குது லாத்தா."

"டேங்க்காரன் பவுடரக் கூடுதலாப் போட்டுட்டான். நாளைக்குக் கொறைக்கச் சொல்றேன்."

"வேணாம். இருக்கட்டும்."

அடுத்த தேர்தலில் லாத்தா தோற்றார். தண்ணீரைப் பிடுங்கிக் கம்பெனியை விரட்டியவர் என்று அதே குழாயடிகளில் பேசிக்கொண்டார்கள். அவர் போட்ட நண்டுக் கொட்டகை இன்னும் ஓடுகிறது. அதில் ஒரு தெருப் பெண்களுக்கு வேலை இருக்கிறது. மற்றவர்கள் திருப்பூர் போனார்கள், சிலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்து தெருக்குழாய்களை எடுத்துவிட்டார்கள். முக்கில் ஒரு செல்போன் கடை. அது பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆறு மணிக்கு அங்கே நிற்க யாருக்கும் காரணம் இல்லை.

விடுதியில் கையைத் துடைத்துவிட்டு மோந்து பார்த்தேன். வாசம் அதற்குள் போயிருந்தது.