குதிரைச் சித்தப்பா

எனக்குச் சித்தப்பா கிடையாது. அப்பாவோடு பிறந்தது அத்தை ஒருத்திதான். இருந்தாலும் எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு சித்தப்பா வந்து சேர்ந்தார். அவருக்கு நான்கு கால்கள், பழுப்பு உடம்பு, நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு.

பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த குதிரை அது. முன்னங்காலில் நரம்பு கிழிந்து, இனி ஓடாது என்று ஆனதும் உரிமையாளருக்கு வேண்டாததாகிவிட்டது. அத்தை சிங்கப்பூரில் ஒரு கால்நடை மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்தாள். மூன்று மாதம் அந்தக் காலுக்குக் கட்டு மாற்றியவள் அவள்தான். கடைசியில், நானே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிவிட்டாள்.

குதிரைக்கு வாய் நிறைய ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அத்தை அதைத் 'தம்பி' என்று கூப்பிட்டாள். அத்தைக்குத் தம்பி என்றால் எனக்கு என்ன முறை என்று யோசித்து, நானாகவே சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “அப்ப எனக்கு அது கூடப் பொறந்ததா?” என்றார். அம்மாவின் வருத்தம் வேறு. முப்பத்தாறு வயது வரைக்கும் மாப்பிள்ளை வேண்டாம் என்றவள் கடைசியில் ஒரு குதிரையைக் கட்டிக்கொண்டாளே என்று சொந்தக்காரர்களிடம் போனில் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டாள்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியாவின் செனாயில் எங்கள் தாமான் வீடுகளுக்குப் பின்னால், செம்பனைக் காட்டின் ஓரத்தில், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிட்ட சீன முதலாளி ஒருவர் குதிரை லாயம் வைத்திருந்தார். பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றும் அங்கேயே நடந்தது. அத்தை சித்தப்பாவை அங்கே கொண்டுவந்து விட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் பாலத்து நெரிசலில் ஊர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் கட்டிலில் என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். ஞாயிறு முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் லாயத்தில்தான். அவள் சித்தப்பாவின் உடம்பைத் தேய்த்துவிடுவாள், நான் வாளி பிடிப்பேன். பிறகு கயிற்றைப் பிடித்து அவரைப் புல்வெளிக்கு நடத்திக்கொண்டு போவோம். திரும்பி வரும்போது மூன்று பேர் மேலும் ஒரே வாடை அடிக்கும். அந்தச் சட்டையை அம்மா தனி வாளியில் ஊறப்போடுவாள்.

மற்ற ஆறு நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா அம்மா இருவருக்கும் சிங்கப்பூரில்தான் வேலை. நான் எழும்போது அவர்கள் பஸ் ஏறிப் போயிருப்பார்கள். மேசையில் மூடிவைத்த ரொட்டி இருக்கும். எனக்குத் தூக்கம் சொக்கும் நேரத்தில் திரும்பி வருவார்கள். மத்தியானம் பள்ளி வேன் என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போகும். கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்ததும் முதலில் டிவியைப் போடுவேன், பார்ப்பதற்காக அல்ல. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் என்னைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் பார்த்துக்கொண்டது எங்கள் வீட்டுக் கேட்டை. அது சாத்தியிருந்தால் அவருக்குத் திருப்தி.

கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் லாயத்துக்குப் போய்விடுவேன். தாமானைத் தாண்டிப் போகக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஆறு நாட்களும் அதை மீறினேன்.

முதலில் அங்கே பத்துப் பன்னிரண்டு குதிரைகள் இருந்தன. பள்ளிக்கு வேறு இடம் கிடைத்ததும் ஒரு லோரி வந்து இரண்டு இரண்டாக ஏற்றிக்கொண்டு போனது. மாதக் கடைசியில் சித்தப்பா மட்டும் மிச்சம். அத்தை விரும்பும் வரைக்கும் அவர் அங்கேயே இருக்கலாம் என்று தவுக்கே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். குதிரைகளைக் கவனித்துக்கொண்ட இந்தோனேசியக்காரரை எல்லாரும் 'மாஸ்' என்று கூப்பிடுவோம். ஒரே ஒரு குதிரைக்காக நாள் முழுவதும் இருப்பானேன் என்று அவரும் காலையும் மாலையும் மட்டும் மோட்டாரில் வந்து போக ஆரம்பித்தார். இடைப்பட்ட நேரத்தில் அந்த நீண்ட கொட்டகையில் சித்தப்பாவும் நானும்தான். எப்போதாவது பக்கத்து விமான நிலையத்துக்கு ஒரு விமானம் கூரையை உரசுவதுபோல இறங்கும். அது போனபிறகு முன்னைவிட அமைதியாக இருக்கும்.

சித்தப்பா ஆடுவதை அந்த நாட்களில்தான் முதலில் பார்த்தேன். பாதிக் கதவுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, முன்னங்கால் ஒன்றில் சாய்ந்து, பிறகு மற்றதில் சாய்ந்து, தலையையும் கழுத்தையும் இடமும் வலமுமாக வீசிக்கொண்டிருந்தார். தாளம் தப்பவே இல்லை. கண்கள் என்னைப் பார்த்தன, ஆட்டம் நிற்கவில்லை. நான் எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு நானும் கால் மாற்றிக் கால் மாற்றி ஆடினேன். மறுநாளும் ஆடினோம். அதற்கப்புறம் எல்லா நாளும் ஆடினோம். பள்ளியில் யாரும் என்னோடு ஆட வருவதில்லை. ஆடுவதற்கு என்னைத் தேர்ந்தெடுத்தது சித்தப்பா ஒருவர்தான் என்று எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சைக்கிள் போய்விடும்.

அத்தைக்கு அந்த இடம் சரிப்படவில்லை. பண்டார் தெங்காரா பக்கம் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை ஒருவர் குதிரைகள் வைத்திருக்கிறார், அங்கே அவை நாள் முழுவதும் வெளியில் சேர்ந்து மேய்கின்றன என்று மருத்துவமனையில் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து அத்தைக்கு நிம்மதி போய்விட்டது. சித்தப்பாவைத் தேய்த்துக்கொண்டே அவரிடமே வழக்காடுவாள். இங்கே தரை காய்ந்திருக்கிறது, காலுக்கு நல்லது; அங்கே மழை பெய்தால் சேறு, அந்தக் கால் மறுபடியும் புரண்டால் என்ன செய்வது? புதுக் குதிரைகள் உதைத்தால்? இங்கே வாரா வாரம் வந்துவிடலாம், அங்கே மாதத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிது. “நீதான் ஒரு வார்த்த சொல்லேன்டா தம்பி,” என்பாள். சித்தப்பா காய்ந்த புல்லை மென்றுகொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆடியதே இல்லை.

வழக்கு எனக்குப் புரிந்தது. சித்தப்பா போனால் மத்தியானங்கள் போகும். அதோடு அத்தை சனிக்கிழமை எங்கள் வீட்டில் தங்குவதற்குக் காரணமும் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்தைப் பார்க்கப் போனாள். செம்பனைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கார் ஓடியது. ஆசிரியை மழைக்காலணி போட்டுக்கொண்டு எங்களை வேலி ஓரமாக நடத்திக்கொண்டு போனார். ஏழெட்டுக் குதிரைகள் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு குதிரைகள் ஒன்றின் கழுத்தை ஒன்று பல்லால் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தன. அத்தை பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

“எப்படி இருக்கு எடம்? சித்தப்பாக்குப் புடிக்குமா?” என்று கேட்டாள்.

“பாம்பு இருக்கு அத்தை. நான் இப்பதான் பாத்தேன்.”

“செனாய்ல மட்டும் இல்லையா? எல்லா எடத்துலயும்தான் இருக்கு லா.”

சேறு என்றேன், கொசு என்றேன். ஆசிரியையின் வெள்ளைக் குதிரை என்னை முறைக்கிறது என்றேன். அத்தை எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டதால் சாலையோரக் கடை ஒன்றில் ஒதுங்கினோம். அத்தை மீ கோரெங்கைக் கிளறிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. தீர்ப்பு நெருங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் ஒரே ஒரு சாட்சி மிச்சமிருந்தது. அதைச் சொன்னால் நான் தனியாகப் போய்வருவது தெரிந்துவிடும். போகட்டும் என்று துணிந்துவிட்டேன்.

“சித்தப்பாக்கு இப்ப இருக்கற எடந்தான் புடிக்கும் அத்தை. எனக்கு நல்லாத் தெரியும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவரு அங்க டான்ஸ் ஆடுவாரு.”

அத்தை சிரித்துவிட்டாள். “டான்ஸா?”

“நெசமா. நீங்க வர்ற அன்னிக்கு ஆட மாட்டாரு. யாருமே இல்லாதப்பதான் ஆடுவாரு. நான் டெய்லி போயிப் பாக்குறேன்.”

நம்பமாட்டாளோ என்று எழுந்து, மேசைகளுக்கு நடுவில் நின்று ஆடிக் காட்டினேன். இடது கால், வலது கால், தலை இந்தப் பக்கம், தலை அந்தப் பக்கம். தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கை தட்டினார். உற்சாகத்தில் இன்னும் வேகமாக ஆடினேன். திரும்பிப் பார்த்தபோது அத்தை சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்திருந்தாள்.

“எவ்ளோ நேரம் ஆடுவான்?”

“நான் போறப்ப ஆடிக்கிட்டு இருப்பாரு. கெளம்பி வர்றப்பவும் ஆடிக்கிட்டுதான் இருப்பாரு.”

“எப்பலேருந்து?”

“மத்த குதிரைங்கள்லாம் போனதுலேருந்து.”

அத்தை மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. சம்பல் காரம் என்று நினைத்து என் ஐஸ் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினேன். தனியாக ஏன் போனாய் என்று அவள் கேட்காததில் எனக்குப் பெரிய நிம்மதி. வழக்கில் ஜெயித்துவிட்டேன் என்றே நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோரி வந்தது.

துணையில்லாமல் அடைபட்டுக் கிடக்கும் குதிரைகள் அப்படி ஆடும் என்பதும், அது ஆட்டம் அல்ல, ஒரு வியாதிபோலப் பிடித்துக்கொள்ளும் தவிப்பு என்பதும் எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தவரை அத்தை பிடித்து ஏற்றுகிறாள் என்பதுதான். வழியனுப்ப வரமாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அத்தை வெளியே நின்று இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு அவள் செருப்புச் சத்தம் போய்விட்டது.

அதன்பிறகு அத்தை வர முடிந்த சனிக்கிழமைகளில் நேராகப் பண்டார் தெங்காராவுக்குப் போனாள். எங்கள் வீட்டுக்கு எப்போதாவதுதான் வந்தாள். அவள் வந்தாலும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானங்களில் சைக்கிள் பழக்கத்தில் லாயத்துக்கே போயிற்று. மாஸ் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன. சித்தப்பாவின் கதவுக்கு எதிரே, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று கொஞ்ச நேரம் ஆடிவிட்டு வருவேன். பிறகு அதற்காக அவ்வளவு தூரம் போவானேன் என்று வீட்டுக்குள்ளேயே ஆடினேன். டிவிக்கு முன்னால், ஜன்னலுக்கு முன்னால். ஆடினால் நேரம் போனது.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அத்தை என்னை விடாப்பிடியாக அங்கே கூட்டிக்கொண்டு போனாள். சித்தப்பாவைச் சரிவில் பார்த்தேன். உடம்பு தேறியிருந்தார், வயிற்றில் சேறு காய்ந்திருந்தது. என்னை முறைத்த அதே வெள்ளைக் குதிரையோடு தோளோடு தோள் ஒட்டி மேய்ந்துகொண்டிருந்தார். கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தார், காதை ஆட்டினார், மறுபடி குனிந்துகொண்டார். எவ்வளவு நேரம் காத்திருந்தும் ஆடவே இல்லை. பாவம், இங்கே வந்து ஆட்டத்தையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அத்தை ஆசிரியையோடு பேசப் போனதும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஆட ஆரம்பித்தேன். இடது கால், வலது கால். எத்தனை நேரம் ஆடினேனோ தெரியாது. நிமிர்ந்தபோது அத்தை பக்கத்தில் நின்றாள். வந்து வெகு நேரம் ஆகியிருந்ததுபோல நின்றாள்.

“என்ன பண்ற பாப்பா?”

“சித்தப்பாக்கு ஞாபகப்படுத்துறேன்.”

“வீட்லயும் இப்படி ஆடுவியா?”

“டெய்லி,” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அத்தை என் தோளில் கையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. கார் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

செம்பனைகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. நான் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளி விட்டு வந்ததும் என்ன சாப்பிடுகிறாய், யாரோடு விளையாடுகிறாய், அம்மா எத்தனை மணிக்கு வருகிறாள், அது வரைக்கும் வீட்டில் யார் இருப்பார்கள் என்று அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். சித்தப்பாவைப் பற்றி நான் பேச்செடுத்துவிடக்கூடாது என்றுதான் இதையெல்லாம் கேட்கிறாள் என்று எனக்குக் கோபம். அதனால் அவள் பக்கம் திரும்பாமலே, ரொட்டி, யாருமில்லை, எட்டு மணி, யாருமில்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.