விழுங்க வேண்டிய எழுத்துகள்

தர்சனாவின் கழுத்தில் மண்கும்பான் பிள்ளையார் கோயிலில் தாலி ஏறி இரண்டு வருடமாகிறது. மாப்பிள்ளை அனோஜனுக்கு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. வந்தான், தாலி கட்டினான், கலியாணப் பந்தலைப் பிரிக்குமுன் விமானம் ஏறிவிட்டான். அவள் பின்னால் போக விசா வேண்டும். விசாவுக்கு, ஆங்கிலம் பேசிக் காட்டும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். கட்டினவனோடு சேர்ந்து வாழ்வதற்கும் பரீட்சை வைக்கிற காலம் இது. யாரை நோவது?

வேலணைத் தீவில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுப்பவள் தர்சனா. ஏ.எல். வரை படித்தவள். ஆங்கிலத்தை வாசிப்பாள், பிழையில்லாமல் எழுதுவாள். ஆனால் வாயால் சொன்னால் வேறு கதை. ஸ்கூலுக்கு முன்னால் ஓர் இகரம் வந்து ஒட்டிக்கொள்ளும், பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் உகரம் தொங்கும். கொழும்பில் முதல்தரம் பரீட்சைக்குப் போனபோது, கேள்வி கேட்ட பெண் பாதிச் சத்தங்களை விழுங்கிவிட்டுக் கேட்டாள். இவளுக்கு மீதிப் பாதியும் விளங்கவில்லை. பெயில்.

அன்றிலிருந்து அனோஜன் தானே வாத்தியார் ஆனான். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் போன் எடுப்பான். அந்த மொழியின் கூத்தை அவள் அவன் வாயால்தான் கேட்டாள். கத்திக்கான இங்கிலீசுச் சொல்லில் ‘கே’ முன்னுக்கு நிற்கும், சொல்லக்கூடாது. புதன்கிழமைக்கான சொல்லில் ‘டி’ நடுவில் நிற்கும், சொல்லக்கூடாது. சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத உத்தியோகத்தர் மாதிரி எத்தனை எழுத்துகள்! இதற்குள், சில சொற்கள் அடுத்தடுத்து வந்தால், எழுதியே இராத ஒரு ‘ஆர்’ இடையில் அழையா விருந்தாளியாக வந்து குந்திக்கொள்ளுமாம். தர்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னான்.

அவனைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. பத்தொன்பது வயதில் போனவன். போன புதிதில் அவன் ஆங்கிலத்தைக் கேட்டு வாடிக்கையாளர்கள் முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறார்கள். அந்தச் சூடு அவனுக்கு ஆறவில்லை. இவளையும் அப்படிச் சிரித்துவிடுவார்களோ என்று பயந்தான். அந்தப் பயம் அதட்டலாகத்தான் வெளியே வந்தது.

போன மாரியில் அவளுடைய தாய் சிவக்கொழுந்து கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். தர்சனா ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி வாசலில் நின்று அனோஜனுக்குப் போன் எடுத்தாள். தகப்பன் இல்லாத வீடு. வேறு யாரிடம் அழுவது?

“அம்மா விழுந்திட்டா...” என்று தொடங்கினாள்.

“இங்கிலீசிலை சொல்லும். பழக வேணுமெல்லே.”

அழுதபடியே ஆங்கிலத்தில் சொன்னாள். தாய் ஆஸ்பத்திரியில் என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘ஹொஸ்பிற்றலு’ என்றாள்.

“கடைசியிலை உகரம் போடாதையும்,” என்றான் அவன். அவள் உகரத்தை வெட்டிவிட்டுத் திருப்பிச் சொன்னாள். அதற்குப் பிறகுதான், அம்மாவுக்கு எப்படி என்று கேட்டான்.

அன்று அவள் மனம் விட்டுப்போனது. ஆனாலும் அடுத்த நாள் போன் அடித்தபோது எடுத்தாள். எடுக்காமல் விட்டால் அவனுடைய குரலும் இல்லாமல் போய்விடுமே. விசா கிடைக்கட்டும், பரீட்சை முடியட்டும், பிறகு எல்லாம் கதைக்கலாம் என்று மனதைத் தேற்றினாள். என்னென்ன கதைக்க வேண்டும் என்று சங்கக்கடையில் அரிசி நிறுக்கும்போது யோசித்து வைப்பாள். அவனுக்கு என்ன கறி பிடிக்கும் என்பதுகூட அவளுக்கு இன்னும் தெரியாது.

இரண்டாம்தரம் சித்தி. முடிவு வந்த அன்று சிவக்கொழுந்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஓடினார். தர்சனா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அனோஜனுக்கு எடுத்தாள். தமிழில்தான் சொன்னாள்.

“நான் பாஸ்.”

“நல்லது. நான் நினைச்சனான். இனி விசாவுக்குப் போடலாம்.” அவனுடைய குரலிலும் மகிழ்ச்சி இருந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

தர்சனா காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான் போலிருந்தது. அங்கே ஏதோ வாகனம் இரைந்துகொண்டு போனது.

“வேறை?” என்றான்.

யோசித்து வைத்ததெல்லாம் எங்கே போனதோ, ஒன்றும் வாய்க்கு வரவில்லை. “வேறை ஒண்டுமில்லை,” என்றாள். அவனாவது ஏதாவது கேட்கமாட்டானா என்று ஏங்கினாள். பாவம், அவனுக்கும் தெரியவில்லை. பாடத்தை எடுத்துவிட்டால் இந்தப் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் கதைக்க ஒரு சொல் இல்லை.

“அப்ப வைக்கட்டே?”

“ஒரு சந்தேகம்,” என்றாள் அவசரமாக. “தீவு எண்டதுக்கு இங்கிலீசிலை... ஐஸ்லண்ட், அப்பிடித்தானே?”

“இல்லை, இல்லை.” அவன் குரலில் உடனே உயிர் வந்தது. “அதிலை ‘எஸ்’ சொல்லக்கூடாது. ஐலண்ட். கவனமாக் கேளும், ஐலண்ட்.”

எந்த ஊர் என்பதுதான் பரீட்சையில் முதல் கேள்வி. தீவிலிருந்து வருகிறேன் என்று ஒரு பிசகும் இல்லாமல் சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

“ஐஸ்லண்ட்,” என்றாள் மறுபடியும், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“இல்லையப்பா. இன்னொருக்கால் சொல்லும்.”

அவள் இன்னொருக்காலும் பிழையாகவே சொன்னாள்.