பஸ் ஏறுற நாள்ல மாத்திரை கிடையாது

லேப்ல ரத்தம் எடுக்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: கெட்ட சேதி டாக்டருக்கு முன்னாடி நம்ம கண்ணுலதான் படும், ஆனா வாயைத் திறக்கக் கூடாது. ஊசியும் பஞ்சுமா காலம் தள்ளுற என் தொழில்காரங்களே, இதைப் படிச்சுட்டு நீங்களும் கொஞ்சம் அழுதுக்குங்க. திண்டிவனத்துல எத்தனையோ பேருக்கு ரத்தம் எடுத்திருக்கேன். ஒருத்தரை மட்டும் மறக்க முடியல.

ஏறினா நல்லதா?

கன்னியப்பன் மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரர். இதயம் பலவீனமாகி ரெண்டு வருஷமா கடலுக்குப் போறதில்லை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அவர் சம்சாரம் அஞ்சலை எங்க லேபுக்குக் கூட்டிக்கிட்டு வருவாங்க. இதயம் எவ்வளவு திணறுதுன்னு ரத்தத்துலயே காட்டுற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, புரோ பி.என்.பி.ன்னு பேரு. ரத்தத்தை ஐஸ் பெட்டியில வச்சு விழுப்புரத்துக்கு அனுப்புவோம். மறுநாள் ரிப்போர்ட் வரும். அந்த நம்பர் ஏற ஏற ஆளுக்கு ஆபத்து ஏறுதுன்னு அர்த்தம்.

ஒரு தடவை ரிப்போர்ட்டை வாங்கினதும் அஞ்சலையம்மா முகம் மலர்ந்துபோச்சு. புள்ளையோட மார்க் ஷீட்டைப் பார்க்கிற மாதிரி விரல் வச்சு வச்சுப் பார்த்தாங்க. "போன தபா ரெண்டாயிரம், இந்த தபா நாலாயிரம். ஏறிக்கினு போவுதே, நல்லதுதானே தம்பி?"

வெக்கம்

அடுத்த தடவை வந்தப்போ கன்னியப்பன் கால் ரெண்டும் வீங்கி, செருப்பு வார் பதிஞ்சு கிடந்துச்சு. உடம்புல தங்குற நீரை மூத்திரமா இறக்கத்தான் காலையில போட ஒரு மாத்திரை கொடுத்திருக்காங்க. ஒழுங்கா போடுறீங்களான்னு கேட்டேன். சிரிச்சார். வாரத்துல நாலு நாள் கருவாட்டு மூட்டையோட பஸ் ஏறி திண்டிவனம் வர்ற மனுஷன் அவர். மாத்திரை போட்டா கால் மணிக்கொரு தரம் ஒதுங்கணும். பஸ்காரன் நிறுத்துவானா? அதனால பஸ் ஏறுற நாள்ல மாத்திரை கிடையாது. நம்ம பக்கத்துல நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க, உங்களுக்குத் தெரியாததா?

"அட கடவுளே! டாக்டர்கிட்ட சொன்னா வீட்டுக்குத் திரும்பின பிறகு போடுற மாதிரி நேரத்தை மாத்தித் தருவாங்களே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அவரைப் பார்க்கிற டாக்டர் சின்ன வயசு அம்மா. கன்னியப்பன் குரலைத் தாழ்த்திக்கிட்டார். "அந்தம்மாவுக்கு எம் பொண்ணு வயசு. அதுங்கிட்ட போயி மூத்திரம் அடங்கலன்னு சொல்லுவனா? வெக்கம் மானம் இல்லியா எனக்கு?"

இடம் இல்லை

நம்பர் இன்னும் ஏறிச்சு. மாத்திரை பத்தலைன்னு நினைச்சு டாக்டர் அளவைக் கூட்டினாங்க. அளவு கூடினதும் மூத்திரமும் கூடிச்சு. இவர் கல்யாணம், கருமாதின்னு எங்க கிளம்பினாலும் மாத்திரையை நிறுத்த ஆரம்பிச்சுட்டார். நம்பர் மறுபடியும் ஏறிச்சு. ரிப்போர்ட் ஓரத்துல 'இவர் மாத்திரை போடுறதில்லை'ன்னு ஒரு வரி எழுதட்டுமான்னு எங்க மேனேஜரைக் கேட்டேன். அவரைக் கேட்காமலே டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடல. வேலை போயிடுமோன்னு பயம், வேற ஒண்ணும் இல்லை. மேனேஜர் கம்ப்யூட்டர்லேர்ந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "கட்டத்துல நம்பர் போடத்தான் இடம் இருக்குது. நீ கதை எழுதாத."

எட்டு அட்டை

போன மாசம் அஞ்சலையம்மா தனியா வந்தாங்க. நெத்தியில பொட்டு இல்லை. பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. சந்தைக்குக் கிளம்பின அன்னைக்கு பஸ்லயே மூச்சு முட்டி, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம். எனக்கு அழுகை வந்துச்சு. அவங்க என்னைத் திட்டியிருந்தாகூடத் தேவலை. பிளாஸ்டிக் கவரை அவுத்து, பிரிக்காத மாத்திரை அட்டை எட்டு எடுத்து மேஜை மேல வச்சாங்க. "தூக்கிப் போட மனசு வரல தம்பி. இல்லாதப்பட்டவங்க யாருக்காச்சும் குடு. பஸ்ஸுல வராதவங்களா பாத்துக் குடு."

இத்தனை வருஷத்துல ஒரு நம்பர்கூடத் தப்பாக் கொடுக்காத ஆளுன்னு லேப்ல எனக்கு ரொம்ப நல்ல பேரு.