பெரியப்பா காரின் தோல் சீட்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது பெரியப்பா கார் வாங்கினார். நாமக்கல்லில் எங்கள் வீட்டு வாசலுக்கு வண்டி ஒன்றும் புதிதல்ல. போர்வெல் போடும் ரிக் லாரிகள் மாதக்கணக்கில் வடநாட்டில் ஓடிவிட்டு மண்ணும் கிரீஸுமாக வந்து நிற்கும். என் அப்பா அவற்றோடு போய் அவற்றோடுதான் வருவார். ஆனால் இந்தக் காரின் உள்ளே பால்கோவா நிறத்தில் தோல் சீட் இருந்தது. ரெக்ஸின் இல்லை, நிஜத் தோல் என்று பெரியப்பா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நம்பாதவர்களின் விரலைப் பிடித்து சீட்டில் அழுத்திக் காட்டினார். அழுத்துவதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.

அந்த சீட்டின் மேல் கம்பெனியில் போட்டுவந்த பாலிதீன் உறை அப்படியே இருந்தது. அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வெயில் காலத்தில் அது தொடையோடு ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது பிய்த்து எடுப்பதுபோல வலிக்கும். காருக்குள் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, காலைத் தூக்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலைக்கூடக் காலடியில்தான் வைக்க வேண்டும். விக்கல் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துவார். இறங்கிக் குடித்துவிட்டு ஏற வேண்டும்.

பாலிதீன் உறை கழற்றப்பட்டது சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன அன்றுதான். சித்தப்பா வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. கோழித் தீவனக் கடை வைத்திருந்தார். குடித்த காப்பி டம்ளரை இருந்த இடத்திலிருந்து நகர்த்தி வைத்தார் என்று அவரைப் பற்றி யாரும் பொய்கூடச் சொன்னதில்லை. பெண் வீடு பள்ளிபாளையத்தில். மாப்பிள்ளை வீட்டார் பாலிதீனில் சலசலவென்று உட்கார்ந்து போனால் நன்றாயிருக்காது என்று பெரியம்மா சொல்லிவிட, பெரியப்பா அரை மனதோடு உறையைக் கிழித்தார். நான் முதன்முறையாக அந்தத் தோலில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக, புதுச் செருப்பு வாசனையோடு இருந்தது. அன்று முழுவதும் அதில் உட்கார்ந்தே போகப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் எனக்குக் காலையில் இட்லிகூட இறங்கவில்லை.

பள்ளிபாளையத்தில் இருந்த பெரியம்மாவின் அக்கா, வரும்போது நாமக்கல்லிலிருந்து முட்டை வாங்கி வரும்படி சொல்லியிருந்தார். டிக்கியில் வைத்தால் உருண்டு உடையும் என்று சொல்லி, இரண்டு அட்டை முட்டைகளைப் பின் சீட்டில் சித்தப்பாவின் மடியில் வைத்தவர் பெரியப்பாதான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அம்மா, நடுவில் வெள்ளைச் சட்டையில் முட்டைகளைக் கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை.

திருச்செங்கோட்டுக்குச் சற்று முன்னால் சாலையில் ஒரு வேகத்தடை இருந்தது. வெள்ளைக்கோடு எதுவும் இல்லை. முன் சீட்டிலிருந்த பெரியம்மாவிடம் தோலின் தரத்தைப் பற்றி எதையோ விளக்கிக்கொண்டிருந்த பெரியப்பா அதைக் கவனிக்கவில்லை. கார் எழும்பி இறங்கியது. முட்டைகளும் எழும்பின. ஆனால் எழும்பிய இடத்தில் இறங்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பால்கோவா நிறத்தின் மேல் மஞ்சள் மஞ்சளாக வழிந்து, தையல் வரிசையில் வாய்க்கால்போல ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் சட்டையிலும் ஓடியது. பெரியப்பா வண்டியை நிறுத்தி இறங்கிவந்து, கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கதவைப் பிடித்தபடி நின்றார். அம்மா முந்தானையால் துடைக்கப் போனபோது மட்டும் கையைத் தட்டிவிட்டார். சித்தப்பா மெல்ல, சகுனம் சரியில்லை, திரும்பிவிடலாமே என்றார். அதை அவர் வருத்தத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

கார் சீட், குஷன் வேலை செய்யப்படும் என்ற பலகை சற்றுத் தள்ளித் தெரிந்தது. காரை அங்கே கொண்டுபோனோம். உள்ளே வயதான ஒருவர் தையல் மிஷினில் குனிந்திருந்தார். கழுத்தில் அளவு நாடாவோடு அவர் மகள் வெளியே வந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். பிற்பாடு அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

பெரியப்பா பதறிப்போய், சீக்கிரம் நல்ல சுடுதண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"சுடுதண்ணி ஊத்துனா முட்டை அங்கயே வெந்துருமுங்க" என்றார் அந்த அக்கா. "பொறவு பொரியலாட்டம் சொரண்டித்தான் எடுக்கோணும்."

நான் சிரித்துவிட்டேன். சித்தப்பாவும் சிரித்தார். பெரியப்பா எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் நான் மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

அந்த அக்கா ஒரு கரண்டி விளிம்பால் முட்டையை வழித்தெடுத்தார். பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றினார். தையல் இடுக்கில் போனதை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாக வெளியே கொண்டுவந்தார். நுரையாக ஒரு மருந்து இருந்தது. அதைச் சீட்டின் அடியில் கண்ணில் படாத மூலையில் தடவி, நிறம் விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் மேலே தொட்டார். நேரமாகிறது என்று பெரியம்மா தவித்ததும், ஆளுக்கொரு துணியைக் கொடுத்து எங்களையும் வேலையில் இறக்கிவிட்டார். சித்தப்பா பனியனோடு நின்று துடைத்தார். அதற்கு முன்பு குழாயடியில் தன் சட்டையைத் தானே அலசி பானெட்டின் மேல் காயப்போட்டிருந்தார். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அழுத்தாதீங்க" என்றார் அக்கா. "கொழந்தை மூஞ்சிக்கு பவுடர் போடறாப்பல."

சித்தப்பா உடனே பவுடர் போட ஆரம்பித்தார்.

ஈரம் காய்ந்தபின் வெள்ளை க்ரீம் ஒன்றை வட்டம் வட்டமாகத் தேய்த்தார்கள். கண்டிஷனர் என்று அக்கா பெயர் சொன்னார். நம் கை கால் பனியில் வெடிப்பதுபோலத் தோலும் வெயிலில் காய்ந்து வெடிக்கும், அதற்கு இது எண்ணெய் மாதிரி என்றார். தேய்க்கத் தேய்க்க சீட் உயிர் வந்ததுபோல மினுங்கியது. சித்தப்பா, இதை எத்தனை நாளைக்கு ஒருமுறை பூச வேண்டும் என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், எப்போதும் வெயிலில் நிற்கிற வண்டி என்றால் கொஞ்சம் முன்னால் வரலாம் என்று பதில் வந்தது.

"வெயில்லயேதானுங்க நிக்குது" என்றார் சித்தப்பா. "நெழலுக்கு எடமே இல்லீங்க."

"செட்டு இருக்குதே சித்தப்பா" என்றேன் நான். பெரியப்பா காருக்கென்றே புதிதாகத் தகரம் போட்டு செட் கட்டியிருந்தார். சித்தப்பாவுக்கு அது மறந்துபோயிருந்தது.

பெண் வீட்டுக்குப் போய்ச்சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. ஆனாலும் பஜ்ஜி நன்றாக இருந்தது. பெண்ணும் நல்ல பெண்தான் என்று சித்தப்பாவே சொன்னார். ஆனால் என்று தொடங்கியவர் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் என் வாழ்க்கையின் பொற்காலம் தொடங்கியது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தோல் சீட்டுக்குக் கண்டிஷனர் போடக் கிளம்பினார். யாருக்கும் சாவியைத் தராத பெரியப்பா, சீட் கொஞ்சம் வறண்டதுபோலத்தான் தெரிகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ என்பது பெரியம்மாவின் நிபந்தனை. எனக்கு முன் சீட். கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்று முகத்தில் அறையும். தூரத்தில் திருச்செங்கோட்டு மலை தெரிந்ததும் நான் கத்துவேன். சித்தப்பா கண்ணாடியைத் திருப்பித் தலையைச் சீவிக்கொள்வார்.

கடையில் அந்த அக்கா எனக்கென்று ஒரு பஞ்சும் சின்ன டப்பாவில் க்ரீமும் கொடுத்து, பின் சீட் முழுவதையும் என் பொறுப்பில் விட்டுவிடுவார். அவர்கள் இருவரும் முன் சீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். அக்காவுடையது ஜலகண்டாபுரத்தில் தறி போட்டிருந்த குடும்பம் என்பதும், தறிச் சத்தத்தில் படித்தே பழகியதால் கல்லூரியில் நிசப்தமாகப் பரீட்சை எழுத அவருக்குப் பயமாக இருந்தது என்பதும் பின் சீட்டைத் தேய்க்கும்போது என் காதில் விழுந்தவை. நான் முழு சீட்டையும் முடித்துவிட்டு எட்டிப் பார்த்தால், அவர்கள் இன்னும் முன் சீட்டின் முதல் மூலையிலேயே இருப்பார்கள். இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறவர்களை நான் கண்டதில்லை. வீட்டிலோ சீட் அளவுக்குமேல் மிருதுவாகி, வளைவுக்கு வளைவு வழுக்கிக்கொண்டு போவதாகப் பெரியம்மா குறைபட்டார்.

பிறகு ஒரு நாள் சித்தப்பா அப்பாரு முன்னால் போய் நின்று ஏதோ சொன்னார். அப்பாரு என்றால் என் அப்பாவின் அப்பா. வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்கு வெளியே கேட்ட ஒரே வாக்கியம், அந்தப் பெண் நம்ம ஆளுக இல்லை என்பது. எங்கள் வீட்டில் நம்ம ஆளுக என்றால் ரிக்கில் வேலை செய்கிறவர்கள். எனக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. அம்மாவிடம் ஓடி, அந்த அக்காவை ரிக் வேலைக்குச் சேர்த்துவிட்டால் நம்ம ஆளு ஆகிவிடுவாரே என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. சாவி பெரியப்பாவின் அறை ஆணியில் தொங்கியது. சித்தப்பா தட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனார். யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எனக்கிருந்த வருத்தமெல்லாம் சீட்டைப் பற்றியது. செட்டுக்குள் போய்த் தொட்டுப் பார்ப்பேன். தூசு படிந்து சொரசொரப்பாக இருக்கும்.

அப்படியொரு ஞாயிறு காலை நான் செட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா கையில் டீ டம்ளரோடு வந்தார். காருக்குள் டீயா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் பின் கதவைத் திறந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல டம்ளரைச் சீட்டின் மேல் மெல்லச் சாய்த்தார். பிறகு விரலால் அதைத் தையல் இடுக்குவரை இழுத்துவிட்டார். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பெரியப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

வாசலுக்குப் போய், நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாருவுக்குக் கேட்கும்படி சொன்னார்: "சீட்டுல டீ கொட்டிப்போச்சுங்கப்பா. தோலுங்க. இன்னைக்கே பாக்காட்டிக் கறை நின்னுரும்."

அப்பாரு பேப்பரை மடிக்கவில்லை. "அந்தக் கடைய உட்டா வேற கடையே இல்லியா?"

"இல்லீங்கப்பா."

வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பாரு பெரியப்பாவை நெடுநேரம் பார்த்தார். பெரியப்பா குனிந்துகொள்ளவில்லை. தன் அப்பாவின் எதிரில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. கடைசியில் அப்பாரு பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"போறது போறீங்க" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வெறுங்கையோட போயி நிக்காதீங்க."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டமும் பரபரப்புமாக இருந்தது. பெரியம்மா பட்டுச் சேலையில் வந்தார். அம்மா ஒரு கூடையில் பழமும் பூவும் எடுத்துக்கொண்டாள். பெரியப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு தானே வண்டியை எடுத்தார். சித்தப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு டீக் கறையை எடுக்க எதற்கு இத்தனை பேர் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மறுபடியும் போகிறோம், மலை தெரியும், காற்று அடிக்கும். எனக்கு அது போதும்.

பின் சீட்டில் கறைக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பெரியம்மா. நடுவில் நான் மண்டியிட்டுக்கொண்டு, கடைசித் தடவை காரிலேயே விட்டுவந்திருந்த என் பஞ்சையும் க்ரீமையும் எடுத்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் சும்மாவா போயின? ஈரத்துணியால் ஒற்றினேன். இடுக்கில் இருந்ததைப் பஞ்சின் முனையால் வெளியே எடுத்தேன். பவுடர் போடுவதுபோல க்ரீம் தடவினேன். மலை கண்ணில் பட்டபோது நான் கத்த மறந்துபோனேன். அவ்வளவு மும்முரம். முடித்துவிட்டுப் பார்த்தால் சீட் பளிங்குபோல இருந்தது.

"பெரியப்பா, கறை சுத்தமாப் போயிருச்சுங்க" என்றேன். "கடைக்கே போக வேண்டாம். திருப்பிக்கலாம்."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா தலையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

"ஓரத்துல இன்னும் கொஞ்சம் இருக்குது, சாமி. நல்லாப் பாரு" என்றார்.

கடை வாசலில் கார் நிற்கும்வரை நான் அந்த மிச்சக் கறையைத் தேடிக்கொண்டே வந்தேன்.