இருபத்தைந்து அங்குலக் கதவு

எங்கள் வீட்டை அம்மாதான் கட்டினாள். செங்கல் சுமக்கவில்லை. கொத்தனார், தச்சர், பிளம்பர் மூவரையும் தானே பேசி அமர்த்தினாள். மணல் எப்போது வர வேண்டும், கம்பி எவ்வளவு வேண்டும் என்று தானே சொன்னாள். அம்மாவின் தொழில் தையல். பத்தொன்பது வருடமாக வாடகை வீட்டின் முன்னறையில் சட்டையும் பள்ளிச் சீருடையும் தைத்தவளுக்குக் கட்டட வேலை என்றால் என்னவென்றே தெரியாது. எனக்கும் தெரியாது. நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன்.

முதலில் ஓர் ஒப்பந்தக்காரரிடம்தான் போனோம். வரைபடத்தைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"படுக்கிற ரூம் இத்துனூண்டு, பாத்ரூம் மட்டும் விளையாட்டு மைதானமா?"

அம்மா தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். தெருவுக்கு வந்த பிறகு, "நாமளே பாத்துக்கலாம்" என்றாள்.

அப்பா லாரி ஓட்டியவர். வீடு கட்டுவதற்கு நான்கு வருடம் முன்பு நடந்த விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். வாடகை வீட்டுக் குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். நானும் அம்மாவும் அவரைத் தூக்கிக்கொண்டு போவோம். கதவு முழுதாக மூடாது. நாங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே நிற்போம். எதற்கும் குறை சொல்லாத அப்பா, புது வீட்டுக்காக ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நானே உள்ள போகணும். நானே தாப்பா போட்டுக்கணும். வேற எது எப்படி இருந்தாலும் சரி."

கட்டிய ஏழு மாதமும் தலைகால் புரியவில்லை. பிளம்பர் வந்த அன்று சுவர் எழும்பியிருக்காது. சுவர் எழும்பியதும் பிளம்பர் வேறு ஊரில் இருப்பார். ஜல்லி வந்தால் சிமெண்ட் தீர்ந்திருக்கும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தைத்ததில், ஒரு சீருடைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டி வைத்துவிட்டாள் அம்மா. அந்தப் பையனின் அப்பா சட்டையைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எங்கயோ இடிக்குது" என்று மட்டும் சொன்னார்.

கூரை போட்டு, முட்டுக்கொடுத்த பலகைகளைப் பிரித்த பிறகுதான் அப்பாவை முதன்முதலாக அங்கே அழைத்துப் போனோம். வாசலில் போட்டிருந்த சரிவில் அவரே உருட்டிக்கொண்டு ஏறினார். கூடத்தைக் கடந்தார். குளியலறைக் கதவுநிலைக்குள் நுழைந்ததும் நாற்காலி நின்றுவிட்டது. இரண்டு சக்கரமும் இரண்டு பக்கச் சட்டத்தையும் உரசின. சக்கரத்தின் மேல் இருந்த விரல்களை உருவிக்கொண்டு அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் நாற்காலியைக் கூடத்துக்குப் பின்னால் இழுத்தேன்.

அம்மா கொத்தனாரைக் கூப்பிட்டாள். "என்னண்ணே இது?"

"நீங்க சொன்ன அளவுதான்கா. இருபத்தஞ்சு இன்ச்."

"அது சேரோட அளவுண்ணே!"

"அதைத்தானே சொன்னீங்க? இருபத்தஞ்சு வழி விடச் சொல்லித் தச்சர்கிட்டயும் சொன்னீங்க. அவரும் நிலையை அதுக்கேத்த மாதிரிதான் செஞ்சாரு."

"நீங்க கூட விட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நாங்க எதுக்குக்கா கூட விடணும்?"

"நான் விடுவேன்ல! மார்பு முப்பத்தாறுன்னு சொன்னா, முப்பத்தாறுக்கேவா தைப்பேன்? மூச்சு விட வேணாமா?"

இதில் யார் தப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நாற்காலியை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தது நான்தான். எனக்கும் எதுவும் தோன்றவில்லை.

அன்று வேலைக்காரர் மூவரும் அந்தக் கதவுநிலை முன்னால் கூடிவிட்டார்கள்.

"வலப்பக்கம் தொடாதீங்க. அது தூணு" என்றார் கொத்தனார்.

"இடப்பக்கம் தொட்டா என் குழாய் போயிடும். சுவத்துக்குள்ள அத்தனையும் பதிச்சாச்சு" என்றார் பிளம்பர்.

"நிலையையே கழட்டிடலாமே? ரெண்டு பக்கமும் எடம் கெடைக்கும்" என்றார் தச்சர்.

"அப்ப கதவு?" என்றாள் அம்மா.

"கதவு எதுக்கு? வீட்டு ஆளுங்கதானே?"

அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதே சரி என்று பட்டது. அம்மா மூன்று பேருக்கும் தலையாட்டினாள். பிறகு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழப்போகிறாளோ என்று பயந்தேன். அவளோ கொத்தனாரைப் பார்த்து, "தூணைப் பிரிச்சிட்டுத் திரும்பக் கட்ட முடியுமா?" என்றாள்.

"ஐயோ, கூரையே அதுலதான்கா நிக்குது."

"குழாயைப் பிரிச்சா?"

பிளம்பர் முகம் சுருங்கியது. "முடியும். ஆனா பாதி வேலை மறுபடி செய்யணும்."

"அப்ப இடப்பக்கம்தான். நாம குடிபோறது தள்ளிப் போகட்டும்."

அம்மா எழுந்து அப்பாவிடம் போனாள். "ஏங்க, சக்கரத்தைத் தள்ளுற மாதிரி கையை வைங்க. முழங்கை நல்லா விரியட்டும்." ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கைவரை டேப்பைப் பிடித்தாள். முப்பத்திரண்டு. "முப்பத்தாறு விடுங்க" என்றாள். "கதவைத் தொறந்து வெச்ச பிறகும் முப்பத்தாறு இருக்கணும். இனி யாரும் எதையும் நெனச்சுக்க வேணாம்."

"முப்பத்தாறா? என் பைக்கே போயிடும்" என்றார் பிளம்பர்.

"வந்து ஓட்டிட்டுப் போங்க" என்றாள் அம்மா.

கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலுக்கு முட்டுக் கொடுத்து, இடப்பக்கச் சுவரை இடித்து, லிண்டலை நீளமாக்கி, குழாயை மாற்றிப் பதிக்க மூன்று வாரம் ஆயிற்று. புதுக் கதவை மாட்டிய அன்று அப்பாவை மறுபடி அழைத்துப் போனோம். உள்ளே தரைக்கு ஓடு பதிக்கவில்லை, தண்ணீர் திறக்கும் குழாய் ஒன்றுகூட மாட்டவில்லை. அப்பா உருட்டிக்கொண்டு நுழைந்தார். எங்கும் இடிக்கவில்லை. உள்ளே திரும்பி, கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வெளியே காத்திருந்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

"தாப்பா சிக்கிடுச்சோ?" என்றார் தச்சர்.

அம்மா தட்டக் கையை ஓங்கினாள், தட்டவில்லை. "ஏங்க, என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா இருக்கேன். நீங்க போங்க."

எங்கே போவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பையோடு வந்து நின்ற பிளம்பர், "அவர் வெளிய வந்தாத்தானேக்கா நான் குழாய் மாட்டலாம்?" என்றார்.

"நாளைக்கு மாட்டுங்கண்ணே" என்றாள் அம்மா.