உப்பே இல்லாத தண்ணீர்

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், கடல் உள்ளே நுழையும் வாயிலில் இருக்கும் கம்பி வலையைச் சுரண்டுவதுதான் அவள் வேலை. வலையில் சிக்குவது சொறிமீன் என்கிற ஜெல்லிமீன். செத்து, வெயிலில் வெந்து, கொழகொழவென்று ஒட்டிக்கிடக்கும். விரல் இடுக்கில் ஏறிய அந்த நாற்றம் எந்தச் சோப்புக்கும் அசையாது. தெருவில் அவள் பெயரே சொறிக்காரி. மூக்கைப் பொத்திக்கொண்டு கூப்பிடுவார்கள். அவள் கையில் தண்ணீர்க் கேனைக் கண்டால் மட்டும் மூக்கிலிருந்து கை இறங்கிவிடும். "அக்கா" என்று தேன் ஒழுகும். தூ, என்ன ஜென்மங்கள்.

வேலை முடிந்தால் ஆளுக்கொரு கேன் நல்ல தண்ணீர் ஆலையில் கொடுப்பார்கள். முதல் கேனை அண்ணன் வீட்டுக்குத்தான் சுமந்து போனாள். வலை வீசிப் பிழைக்கும் அண்ணன் அதை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தான்.

"என் கடலக் கெடுத்த தண்ணி என் வாசப்படி ஏறக்கூடாது. நீயுந்தான்."

அதோடு பேச்சு நின்றது. அண்ணன் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், இந்த நாற்றத்தோடே செத்துப்போகலாம் என்று தலையணையை நனைத்தவள் அவள்.

அன்று தெருக்குழாயில் விரலளவு வந்த தண்ணீருக்குக் குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நிறைமாதமாக இருந்த அண்ணியை யாரோ தள்ள, சேற்றில் விழுந்தாள். தூக்கிவிட ஒரு கை வரவில்லை. அண்ணி பிடித்திருந்த கால் குடம் தண்ணீரையும் ஒருத்தி தன் குடத்தில் சாய்த்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அண்ணன் வெறும் குடத்தோடு தங்கை வாசலில் நின்றான்.

"உள்ள வாண்ணே. அண்ணிக்கு எப்படி இருக்கு?"

"உசுரு இருக்கு. நாக்கு வறண்டு கெடக்குறா. ஊத்து."

கேனைச் சாய்த்த அவள் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"மீன் நாத்தம் உனக்குப் புதுசாண்ணே?"

"மீன் நாத்தம் சோறு போடும். இது பொண நாத்தம்."

ஒரு கை அள்ளிக் குடித்தான். நம்ப முடியாமல் இன்னொரு கை அள்ளினான்.

"உப்பே இல்லையே."

"பிரிச்ச உப்பையெல்லாம் நீ வலை போடுற பக்கந்தானே கொட்டுறோம்."

அண்ணன் துப்பப் போகிறவன்போல் வாயைக் குவித்தான். துப்பவில்லை. விழுங்கினான். குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே சொன்னான்:

"நாளைக்கும் வருவேன். கேன வெளியவே வெச்சிடு."